செலீனா நீட்டிய செபமாலை

ஒரு றாத்தல் பாணுக்கு விடிய முதலே கடை வாசலில் வரிசையில் நின்ற காலம் அது. மன்னார்ப் பேசாலையில் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் சந்தியோகு அண்ணனும் திரேசம்மாவும் ஒருவரோடொருவர் கதைக்காமல் குடும்பம் நடத்தினார்கள். அவளுடைய தம்பி கலியாணத்துக்குப் போகாமல் அண்ணன் கடலுக்குப் போய்விட்டார். அவ்வளவுதான் விசயம். நானும் என் மனுசனும் அதைவிடப் பெரிய சண்டை பிடித்து மறுநாளே ஒரே கோப்பையில் சோறு சாப்பிட்டிருக்கிறோம். இவர்களுக்கு வீம்பு. இரண்டு பேரும் நல்ல மனிதர்கள், அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சல்.

நடுவில் அகப்பட்டவள் ஒரே பிள்ளை செலீனா. அப்பாட்டச் சொல்லு, அம்மாட்டச் சொல்லு என்று, மூவரும் ஒரே குசினியில் நிற்கும்போதே தூது நடக்கும். சோறு ஆறுது என்று தாய் வெடுக்கென்று சொன்னால், நீங்கள் பசி கிடக்க வேண்டாமாம் அப்பா என்று பிள்ளை சீனி போட்டுக் கொடுப்பாள். பதினைந்து வயதில் நகம் கடித்துக் கடித்து விரலெல்லாம் புண். கூடப் படிக்கிறவள் கொஞ்சம் பேசாமல் இருந்தால் போதும், என்னோடு கோபமா என்று கேட்டு அழுவாள்.

அந்த வீட்டில் இரண்டு குரலும் சந்திப்பது பொழுதுபட்டுச் செபமாலை சொல்லும்போது மட்டும்தான். ஒவ்வொரு மணிக்கும் மாதா செபத்தின் முன்பாதியை அண்ணன் சொல்ல, பின்பாதியைத் திரேசம்மா சொல்லுவாள். மாதாவோடுதானே கதைக்கிறோம், அதில் வீம்பு கெடாது. செலீனா அதைக் கண்டுகொண்டாள். செபமாலை முடிந்தாலும் எழும்ப விடமாட்டாள். உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்காகக் கொஞ்சம், தலைமன்னாரில் காய்ச்சலாய்க் கிடக்கும் மாமிக்காகக் கொஞ்சம். எங்கள் ஆடு கால் முறிந்ததற்கும் செபம் நடந்தது என்றால் பாருங்களேன்.

ஊருக்கு வேறென்ன தோன்றும்? பிள்ளைக்குத் தேவ அழைத்தல், கன்னியாஸ்திரியாகப் போகிறாள் என்றார்கள். மடத்திலிருந்து ஒரு சிஸ்டரும் வந்துவிட்டார். தேத்தண்ணி ஊற்ற நானும் போயிருந்தேன். பெற்றவர்களுக்குச் சம்மதமா என்று சிஸ்டர் கேட்டார். தனக்குச் சம்மதம், அப்பாவைக் கேள் என்று தாய் மகளிடம் சொன்னாள். ஓமென்று அம்மாவிடம் சொல்லு என்றார் தகப்பன். தன்னை அனுப்பிவிடும் பேச்சையும் அவளே தூதாகக் காவ வேண்டியிருந்தது.

செலீனா காவவில்லை.

"எனக்கு அழைத்தல் ஒண்டும் இல்லை சிஸ்டர். செபமாலை முடிஞ்சா இவை ரெண்டு பேரும் கதைக்கமாட்டினம். அதுதான் நீட்டினனான். நான் போனா இந்த வீட்டில ஆர் கதைக்கிறது?"

சிஸ்டர் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பினார். இனியாவது திருந்துவார்கள் என்று நினைத்தேன். எங்கே! அன்று பொழுதுபட அண்ணன் முன்பாதியைத் தொடங்கினார். பதில் இல்லை. மறுபடியும் தொடங்கினார். இனிப் பதில் சொன்னால் அது புருசனுக்குச் சொன்னதாகிவிடும் என்று திரேசம்மாவுக்குப் பட்டிருக்கவேண்டும். அதோடு அந்த வீட்டில் செபமாலையும் நின்றது. தான் வாய் திறந்ததால்தான் இருந்ததும் போனது என்று செலீனா முடிவு கட்டினாள். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

பிறகு இலுப்பைக்கடவையில் வாழ்க்கைப்பட்டாள். புருசன் அமிர்தநாயகம் தங்கமான ஆள். கடலால் அலுத்து வந்து அவன் பேசாமல் படுத்தால் இவள் தட்டி எழுப்புவாள். கோபமா, கோபமா என்று கேட்டுக் கேட்டு அவனுக்கு உண்மையாகவே கோபம் வரப்பண்ணிவிடுவாள். பெற்றவர்களோ, யுத்தத்தில் இடம்பெயர்ந்து மடுக் கோயிலடியில் ஒரே கூடாரத்துக்குள் கிடந்தபோதும் கதைக்கவில்லை.

யுத்தம் ஓய்ந்து ஊர் திரும்பிய பிறகு திரேசம்மா செத்துப்போனாள். பெட்டியை மூடப்போகிற நேரம் அண்ணன் தலைமாட்டில் நின்று மகளின் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, அம்மாட்டச் சொல்லு..."

"நீங்களே சொல்லுங்கோ அப்பா," என்றாள் செலீனா. கையை விலக்கிக்கொண்டாள்.

அவர் குனிந்தார். உதடு அசைந்தது. அத்தனை வருசத்துக்குப் பிறகு மனிசியிடம் பேச அவரிடம் வேறு வார்த்தை இருக்கவில்லை. செபத்தின் முன்பாதியைச் சொன்னார். சொல்லிவிட்டுத் திரேசம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பழக்கத்தில் என் வாய் பின்பாதிக்குத் திறந்தது. செலீனா பதில் சொல்லாததைப் பார்த்து நானும் மூடிக்கொண்டேன். பிறகு பெட்டியை மூடினார்கள்.