கைக்காக ஜெபித்தேன், மூச்சைத் தந்தார்

பிரியமான சகோதர சகோதரிகளே, சபையில் எழுந்து நின்று பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன். கர்த்தர் எனக்குச் செய்ததை மறைத்தால் நான் மனிதனே இல்லை.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. எங்கள் வீடு கோலார் தங்கச் சுரங்கத்தை ஒட்டிய மாரிகுப்பத்தில். எனக்குச் சுரங்கத்தில் வைண்டிங் டிரைவர் வேலை. ஆட்கள் ஏறி நிற்கும் கேஜைப் பூமிக்குள் இறக்குவதும் திரும்ப மேலே ஏற்றுவதும் என் கையில் இருந்த லீவரில்தான். நான் உட்காரும் இன்ஜின் ரூமிலிருந்து கேஜ் கண்ணுக்குத் தெரியாது. கேஜ் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும் முள்ளை எதிரே பார்த்து, மணிச் சத்தத்தைக் கேட்டு, கையை அசைக்க வேண்டும். கை ஒரு நொடி பிந்தினாலும் உள்ளே இருப்பவர்கள் கதி அதோகதி.

அந்தக் கைதான் கெட்டுப்போனது. முதலில் டீ டம்ளர் நழுவியது. பிறகு சட்டைப் பொத்தான் போடவே பாடுபட்டேன். இரண்டு கைகளும் ஈரச் சாக்கு மாதிரி கனத்தன. எஸ்தர் எண்ணெய் காய்ச்சித் தேய்த்தாள். என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உடம்பு இளைத்தவள், வாய் மட்டும் இளைக்காது.

"ஆஸ்பத்திரிக்குப் போங்க. இன்னாத்துக்கு பயப்படுறீங்க?" என்று தினமும் கேட்டாள்.

எனக்குப் பயம்தான். டாக்டர் அன்ஃபிட் என்று எழுதிவிட்டால் வேலை போகும், வேலையோடு கம்பெனி கொடுத்த லைன் வீடும் போகும். ஆகவே ஆண்டவரிடம் மட்டும் சொன்னேன். "என் கையைத் தொடும், கையை மட்டும் தொடும்" என்று உபவாசம் இருந்து கெஞ்சினேன். அவருக்கே வேலை எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொடுத்த புத்திசாலி நான்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் ஒரு விடியற்காலை, ஷிப்ட் முடிந்த ஆட்களை மேலே ஏற்றிக்கொண்டிருந்தேன். கேஜை நிறுத்த வேண்டிய குறியை முள் நெருங்குவதைக் கண்ணால் பார்த்தேன். பிரேக்கை இழுக்க நினைத்தேன். கை போகவில்லை. பிறகு பதறி இழுத்ததில் கேஜ் தூக்கிப்போட்டு நின்றது. யார் உயிரும் போகவில்லை. எங்கள் சபை மூப்பர் ஞானமுத்து அண்ணன் அதில் இருந்தார். உதடு கிழிந்து ரத்தத்தோடு இன்ஜின் ரூமுக்கு வந்தார்.

"இன்னா சாமுவேலு, உடம்பு சரியில்லயா?" என்றார். திட்டவே இல்லை.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவருக்கு ஆறு பெண் பிள்ளைகள். இன்ஜின் ரூம் மூலையில் முழங்கால் போட்டு அழுதேன். "ஆண்டவரே, வேலை போனாலும் போகட்டும். என் கையால் ஒருத்தரும் சாகக் கூடாது" என்றேன். அதுவரை நான் பண்ணினதெல்லாம் ஜெபம் இல்லை, பேரம். எழுந்து நேராக ஃபோர்மேனிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் சீட்டு எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

டாக்டர் கோலார் பக்கத்துக் கன்னடக்காரர், எங்களோடு பழகி எங்கள் தமிழே பேசுவார். தன் இரண்டு விரல்களை நீட்டி இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். கைகளை முன்னால் நீட்டிக் கண்ணை மூடி நிற்கச் சொன்னார். இரண்டு கையும் மெல்ல இறங்கின. மேசையில் தீக்குச்சிகளைக் கொட்டி, ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கச் சொல்லி, கடிகாரத்தைப் பார்த்தார். பாதிக் குச்சிகள் தரையில் கிடந்தன.

"சாயங்காலம் இன்னொரு வாட்டி பாக்கலாம். அதுக்கப்புறம்தான் ஃபிட்டா அன்ஃபிட்டான்னு எழுதுவேன்" என்றார்.

வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. வராந்தா பெஞ்சில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். இரவெல்லாம் விழித்த உடம்பு, உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன். எஸ்தர் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து உலுக்கியபோது வெயில் சாய்ந்திருந்தது.

மறுபடி அதே சோதனை. டாக்டரின் விரல்களை நான் பிடித்த பிடியில் அவர் "போதும், போதும்" என்றார். நீட்டிய கை அப்படியே நின்றது. ஒரு குச்சி கூட விழவில்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "கர்த்தர் தொட்டுட்டாரு சார்! ஃபிட்டுன்னு எழுதிக் குடுங்க" என்றேன்.

அவர் எழுதவில்லை. "காத்தால வராத பலம் இப்போ எங்கேருந்து வந்துச்சு? நடுவுல இன்னா பண்ணே?"

"ஒண்ணும் பண்ணல சார். உக்காந்துக்கினே தூங்கினேன்."

எஸ்தர் குறுக்கே வந்தாள். "இன்னிக்குத்தான் சார் குறட்டை இல்லாம தூங்கினாரு. வூட்டுல மல்லாந்து படுத்தா அவ்ளோதான், மூங்கில் தட்டிக்கு அந்தாண்ட கீற பக்கத்து வூட்டுக்காரரும் நைட் ஷிப்ட்டு, பாவம், தூங்க முடியாம தட்டியை இடிப்பாரு. குறட்டை நிக்கணும்னு நானும் ஜெபம் பண்றேன். ஆண்டவர் கேக்குறாரு சார். நடுநடுவுல சத்தமே இல்லாம நின்னுபோவுது. உடனே ஸ்தோத்திரம் சொல்லிடுவேன்."

"எவ்ளோ நேரம் நிக்குது?"

"பரமண்டல ஜெபம் பாதி சொல்லிடலாம் சார்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, அப்போ நெஞ்சு ஏறி எறங்குதா, பாத்தியா?"

அவள் பார்த்ததில்லை. அவள் முகம் வெளுத்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

மறுநாள் பகலில் வார்டில் படுக்க வைத்து, டாக்டரே பக்கத்தில் நாற்காலி போட்டுப் பார்த்தார். மல்லாந்து தூங்கும்போது என் தொண்டை அடைபட்டு மூச்சு நின்றதாம். திணறித் திணறி மறுபடி வந்ததாம். படுக்கையில் தினமும் நடந்தது தூக்கமே இல்லை, போராட்டம். அந்த அசதிதான் கையில் இறங்கியிருக்கிறது என்றார். உட்கார்ந்தபடி தொண்டை அடைபடாமல் தூங்கிய பிறகு பலம் திரும்பியதால் கையில் கோளாறு இல்லை என்று கண்டுகொண்டாராம்.

பனியனின் முதுகில் பை தைத்து, அதில் மரக்கட்டை ஒன்றைப் போட்டுத் தூங்கச் சொன்னார். மல்லாந்து புரண்டால் கட்டை குத்தி எழுப்பிவிடும். உடம்பு எடையையும் குறைக்கச் சொன்னார். சாப்பாட்டில் களி உருண்டை மூன்றிலிருந்து ஒன்றானது. அதுதான் எனக்குச் சிலுவையாக இருந்தது! லைனில் எல்லோரும் "ஒட்டகம் தூங்குது" என்று கேலி பண்ணினார்கள். பண்ணட்டும் என்று விட்டேன். ஒரு மழைக்காலம் முழுக்க சுரங்க விளக்குகளைக் கொடுத்து வாங்கும் விளக்கு ரூமில் லேசான வேலை கொடுத்தார்கள். மாதாமாதம் தீக்குச்சி சோதனை நடந்தது. காலையில் போனாலும் சரி, மாலையில் போனாலும் சரி, கை ஒரே மாதிரி நின்ற பிறகே என்னை லீவர் முன்னால் உட்கார வைத்தார்கள். முதல் நாள் கேஜில் முதல் ஆளாக ஞானமுத்து அண்ணன் ஏறினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். குறியில் கேஜ் அலுங்காமல் நின்றது. அங்கேயே அழுதுவிட்டேன்.

எஸ்தர்தான் பல நாள் தேறவில்லை. "நீங்க சாவும்போதெல்லாம் நான் ஸ்தோத்திரம் சொல்லிக்கினு இருந்தேனே" என்று அழுவாள். நான் சொல்வேன்: "நீ அதை எண்ணி வெச்சதாலதான்டி டாக்டருக்குப் புரிஞ்சுது. தப்பா ஜெபிச்சாலும் ஆண்டவர் சரியா கேட்டுக்கினாரு."

அன்பானவர்களே, உங்கள் நோவை அவரிடம் சொல்லுங்கள். எங்கே தொட வேண்டும் என்பதை அவருக்கே விட்டுவிடுங்கள். டாக்டரிடமும் ஒளிக்காதீர்கள், அவரை அனுப்பியவரும் கர்த்தரே. உங்கள் பக்கத்தில் தூங்குகிறவரின் குறட்டை சட்டென்று நின்றால், முதலில் தட்டி எழுப்புங்கள். ஸ்தோத்திரம் அப்புறம் சொல்லலாம்.