பொரிக்கும் நாளில் திறக்காத கதவு

ஐம்பதுகளின் பிற்பகுதி. ஓசூருக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவே உள்ள ஒரு கிராமத்தில், பெண்களுக்குப் புது முறைகளைச் சொல்லிக்கொடுக்கும் கிராம சேவிகாவாக நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் காவேரிப்பட்டினம், வயது இருபத்திரண்டு. பயிற்சி முடித்த கையோடு வேலை கிடைத்துவிட்டதால், எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பும் பெட்டி படுக்கையோடு சேர்ந்தே வந்திருந்தது.

நான் வந்த சில மாதங்களில், முட்டையைக் குஞ்சு பொரிக்க வைக்கும் இன்குபேட்டர் ஒன்று ஓசூரிலிருந்து மாட்டு வண்டியில் வந்து இறங்கியது. பலகையால் செய்த பெட்டி. பக்கத்தில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு, உள்ளே அறுபது முட்டைக்கு ஒரு கம்பித் தட்டு, அதற்கடியில் தண்ணீர் ஊற்ற ஒரு தகரத் தட்டு, கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. வைக்க வேறு இடம் இல்லாததால் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறையிலேயே வைத்துக்கொண்டேன்.

வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் பேசினேன். கோழி அடையில் உட்கார்ந்தால் முட்டை நின்றுபோகும். முட்டையை என்னிடம் கொடுத்துவிட்டால் குஞ்சுக்குக் குஞ்சும் ஆச்சு, கோழியும் சீக்கிரம் மறுபடி முட்டையிடும் என்றேன். முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கொண்டுவந்து, அறுபதும் நிறைந்தது. யார் முட்டை எது என்று தெரியவேண்டுமே, அதற்காக ஒருவர் மஞ்சள் பொட்டு வைத்தார், ஒருவர் காவி தடவினார். பட்டுப்புழு வளர்க்கும் வீட்டுப் பெண் ஒருத்தி பதினோரு முட்டைகளில் மும்மூன்று கரிக்கோடு போட்டுக் கொண்டுவந்தாள். என் வயதுதான் இருக்கும். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ். அவளிடம் இருந்தது ஒரே ஒரு கறுப்புக் கோழி. அது அந்தத் தடவை இட்டது முழுவதும் அந்தப் பதினோரு முட்டைதான்.

பதினெட்டு நாள் வரை எல்லாம் புத்தகத்தில் இருந்தபடியே போனது. வேளைக்கு வேளை முட்டைகளைத் திருப்பினேன். வெப்பமானி நூற்றிரண்டைத் தாண்டாமல் திரியை ஏற்றி இறக்கினேன். தட்டில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொண்டேன்.

இருபதாம் நாள் காலையில் உள்ளே கீச்சுச் சத்தம் கேட்டது. செய்தி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மாசிக் கடைசி, வெளியில் தோலை உரிக்கிற மாதிரி வறண்ட காற்று. பெண்கள் கூட்டமாக வந்தார்கள். "டீச்சரம்மா, எங்க முட்டை வெடிச்சிருக்கா, காட்டுங்க!" என்றார்கள். காட்டினேன். அடுத்த கூட்டத்துக்கும் கதவைத் திறந்து காட்டினேன். அதற்கடுத்த கூட்டத்துக்கும். ஈரமான ஒரு குஞ்சைக் கையில் எடுத்துக்கூடக் காட்டினேன். அவர்கள் வாயைப் பிளந்து பார்த்தது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

மாலைக்குள் பத்தொன்பது குஞ்சுகள் வெளியே வந்தன. மிச்ச முட்டைகள் பலவற்றில் துளை விழுந்து, அலகு நுனி தெரிந்து, அதோடு நின்றுவிட்டன. மறுநாள் பகல் முழுக்கக் காத்திருந்தும் ஒன்றும் நகரவில்லை. பொறுக்க முடியாமல் ஒன்றை எடுத்து ஓட்டை உரித்தேன். உள்சவ்வு குஞ்சின் மேல் காகிதம் மாதிரி காய்ந்து ஒட்டியிருந்தது. பிரிக்கப் போனால் ரத்தம் வந்தது. அந்தக் குஞ்சு என் கையிலேயே செத்தது. அதற்குப் பிறகு எதையும் தொடும் தைரியம் எனக்கு வரவில்லை. ஒவ்வொன்றாக அடங்கிப்போயின.

ஓடுகளையும் பொரிக்காத முட்டைகளையும் அடையாளப்படி பிரித்து அடுக்கிப் பார்த்தேன். மூன்று கரிக்கோடு போட்ட பதினொன்றில் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை.

"மெஷின் முட்டையைத் தின்னுடுச்சு" என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். வீட்டுச் சொந்தக்காரர் வாசலில் நின்று, "அம்மா, நாத்தம் தாங்கலை. பொட்டியை வண்டி ஏத்தி அனுப்பிடுங்க" என்றார். எனக்கும் அப்படிச் செய்துவிட்டு மாற்றல் கேட்டுக்கொண்டு போய்விடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் முட்டை கொடுத்தவர்களிடம் முகத்தைப் பார்த்துச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஒவ்வொரு வீடாகப் போனேன். சிலர் திட்டினார்கள். 

பட்டுப்புழு வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். அவள் புழுத் தட்டுகளுக்கு மல்பெரி இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். "உங்க முட்டையில ஒண்ணுகூட வரலை. என் தப்புதான். எங்கே தப்புன்னு மட்டும் தெரியலை" என்றேன். கத்தியைக் கீழே வைத்தாள். 

"தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"இன்னும் இல்லை."

"வாங்க, பாக்கலாம்" என்று எழுந்து என் கூடவே வந்தாள்.

செத்த முட்டை ஒன்றை எடுத்து, காய்ந்த சவ்வை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். "குஞ்சு முழுசா வளந்துதான் இருக்கு. கடைசியிலதான் போயிருக்கு. பொரிக்கிற அன்னிக்கு எத்தனை வாட்டி கதவு தெறந்தீங்க?"

நான் எண்ணவில்லை என்றேன்.

"எண்ணலைன்னா நெறைய வாட்டி தெறந்திருக்கீங்க. இந்தக் காத்துல ஈரம் நிக்குமா? எங்க வீட்டுல புழு முட்டை பொரிக்கிற அன்னிக்கு சுத்திலும் ஈரக் கோணி கட்டிடுவோம். என் மாமியாரையே உள்ள விட மாட்டேன். ஈரம் போனா புழு ஓட்டுக்குள்ளயே காஞ்சிடும். கோழிக்கு மட்டும் வேறயா?"

பயிற்சியில் எனக்கும் இதைச் சொல்லித்தான் கொடுத்தார்கள். ஈரப்பதம் என்று நோட்டில் எழுதி அடிக்கோடுகூடப் போட்டிருந்தேன். கூட்டத்தைப் பார்த்ததும் அது எங்கே போனது என்று தெரியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் அதைக் கவனித்தாளோ என்னவோ, "கறுப்பு மறுபடி முட்டை வைக்குது. நீங்க சொன்னது அதுல பொய்யாகலை. சேர்த்துத் தர்றேன், இன்னொரு வாட்டி வைங்க" என்றாள். அவள் தந்ததைப் பார்த்துத்தான் மற்றவர்களும் தந்தார்கள். வீட்டுச் சொந்தக்காரரிடமும் அவளே போய் ஒரு மாதம் பொறுக்கச் சொன்னாள்.

இந்த முறை எதையும் குருட்டு நம்பிக்கையில் விடவில்லை. இன்னொரு வெப்பமானி வாங்கி, அதன் குமிழில் பருத்தித் திரியைச் சுற்றி, மறுநுனியைத் தண்ணீர்ப் புட்டியில் விட்டேன். ஈரத்திரி வெப்பமானிக்கும் சும்மா இருக்கும் வெப்பமானிக்கும் உள்ள வித்தியாசம்தான் ஈரத்தின் கணக்கு. வித்தியாசம் குறைந்தால் ஈரம் கூடியிருக்கிறது. முதல் பதினெட்டு நாளும் ஈரம் அளவாகத்தான் வேண்டும். அதிகமானாலும் குஞ்சு உள்ளேயே மூழ்கிப்போகும். அதனால் முட்டைகளை விளக்கொளியில் பிடித்து, மழுங்கிய முனையில் காற்றறை வளர வளரப் பென்சிலால் கோடு போட்டு, அது வளரும் வேகத்தை வைத்து ஈரம் சரியா என்று பார்த்தேன். பதினெட்டாம் நாள் முட்டைகளைக் கடைசியாகத் திருப்பிவிட்டு, பெட்டிக்குள் ஈர மணல் தட்டு ஒன்றைக் கூடுதலாக வைத்தேன். சன்னலில் நனைத்த கோணியைத் தொங்கவிட்டாள் அவள். கதவைச் சாத்தினேன்.

இருபத்தோராம் நாள் முற்பகலில் வாசலில் ஜீப் வந்து நின்றது. மேலதிகாரி, வெளியூரிலிருந்து வந்த விருந்தினர்கள் இருவரோடு வந்திருந்தார். உள்ளே கீச்சுச் சத்தம் பலமாக இருந்தது. "அருமை! கதவைத் திறம்மா, இவங்க பார்க்கணும்" என்றார்.

"இப்ப திறக்க முடியாது சார். நாளைக் காலையில திறக்கிறேன்."

அவர் முகம் மாறியது. "இதுக்காகத்தான் இவங்களை இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்திருக்கேன். ஒரு நிமிஷம் திறந்தா என்ன ஆயிடும்?"

வேலை போய்விடுமோ என்ற பயம் இருக்கத்தான் செய்தது. ஆனால் முதல் தடவை செத்த குஞ்சின் சூடு என் உள்ளங்கையைவிட்டு இன்னும் போகவில்லை. "போன தடவை திறந்துதான் சார் நாப்பதைக் கொன்னேன்" என்றேன். 

கோணிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த அவள் சொம்போடு வந்து பெட்டிக்கு முன்னால் நின்றாள். அவசரத்தில் தமிழ் வரவில்லை. "பாகிலு தெரீபேடி!" என்றாள். கதவைத் திறக்காதீர்கள் என்று அர்த்தம். விருந்தினர்களில் ஒருவருக்குக் கன்னடம் தெரியும் போலிருக்கிறது. அவர் சிரித்துவிட்டார்.

நான் கண்ணாடியைக் காட்டினேன். உள்பக்கம் முழுக்க வியர்த்து, நீர் வழிந்துகொண்டிருந்தது. "இந்த ஈரத்துலதான் சார் சவ்வு மெத்துனு இருக்கும். குஞ்சு உள்ள சுத்திக்கிட்டே ஓட்டை உடைச்சிட்டு வரும். பார்க்க முடியாது. ஆனா கேக்கலாம். காதை வச்சுப் பாருங்க."

அதிகாரி கொஞ்சம் தயங்கினார். பிறகு வெள்ளைக் கால்சட்டையோடு தரையில் முழங்கால் போட்டு, பலகையில் காதை வைத்தார். ஓடு கொத்தும் சத்தமும் கீச்சுமூச்சுமாக உள்ளே ஒரு சந்தையே நடந்துகொண்டிருந்தது. அவர் வெகுநேரம் எழவில்லை. விருந்தினர்களும் முறை வைத்துக் கேட்டார்கள். பிறகு மூவரும் ஜீப்பில் ஏறிப் போனார்கள். 

மறுநாள் காலை கதவைத் திறந்தோம். நாற்பத்தொன்பது குஞ்சுகள், உலர்ந்து பஞ்சுப் பந்துகளாக ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. ஓடுகளில் இருந்த அடையாளத்தை எண்ணி வீட்டுக்கு வீடு பிரித்தோம். இந்த முறையும் அவள் கொடுத்திருந்த பதினொன்றில் பத்து பொரித்திருந்தது. பத்தையும் முறத்தில் போட்டுக்கொண்டு, என்னையும் கூட அழைத்துக்கொண்டு, தெருவில் எல்லார் வீட்டுக்கும் கேட்கும்படி பேசிக்கொண்டே போனாள்.

அடுத்த வாரம் அதிகாரி தனியாக வந்தார். முற்றத்தில் ஓடிய குஞ்சுகளைப் பார்த்துவிட்டு, "அன்னைக்குத் திறந்திருந்தா?" என்று மட்டும் கேட்டார். "பாதி போயிருக்கும் சார்" என்றேன். தலையாட்டினார். இன்னும் இரண்டு கிராமங்களுக்குப் பெட்டி வந்தது. அங்கே போய்ச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பையும் என்னிடமே கொடுத்தார். நான் அவளையும் அழைத்துக்கொண்டு போனேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டேன். வேலை முடிவதற்குள் நாலு பேருக்குக் காட்டிவிட வேண்டும் என்ற ஆசை வரும்போதெல்லாம், அந்த ஆசைக்காக நாற்பது உயிர்களைக் காயவிட்டவள் நான் என்பதை நினைத்துக்கொள்வேன். கை தானாகப் பின்வாங்கிவிடும்.