திருக்கையை இறக்கிய றிஸ்பா

றிஸ்பாவுக்கு ஏறத் தெரியும், இறங்கத் தெரியாது. இது நான் கட்டிய கதையல்ல, அவளுடைய வாப்பா நளீரே சொல்வார். இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்த காலத்தில் சின்னப் பிள்ளையாக ஒரு நாவல் மரத்தின் உச்சிக்கு ஏறிவிட்டு, இறங்க வழி தெரியாமல் அங்கேயே இருந்து பழம் தின்றாளாம். நளீர் அயலில் ஏணி வாங்கிக்கொண்டு ஓடிவந்தால், வாயெல்லாம் ஊதா நிறமாக, கொஞ்சம் பிந்தி வரும்படி மேலேயிருந்து சொன்னாளாம். குடும்பம் முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்த கிழமையே யாருடையதோ ஒரு சைக்கிளில் ஏறினாள். நிறுத்தத் தெரியாமல் கிடுகு வேலிக்குள் புகுந்து மறுபக்கத்தால் வந்தாள்.

இப்படிப்பட்ட ஒருத்தி பல்கலைக்கழகத்துக்கு வந்து, இருக்கிற கழகங்களையெல்லாம் விட்டுவிட்டு வானூர்திக் கழகத்தில் சேர்ந்தால் என்ன நடக்குமோ, அதுதான் நடந்தது.

நான் தர்சன், கிளிநொச்சிப் பக்கத்து முரசுமோட்டைக்காரன். கழகத்தில் எனக்கு இரண்டு வேலை. ஒன்று வீடியோ எடுப்பது, மற்றது குறை சொல்வது. இரண்டாவதை யாரும் தரவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். கிளிநொச்சியில் எங்கள் பொறியியல் பீடத்தில் வானூர்தி என்றொரு பாடமே கிடையாது. கட்டடமும் மின்சாரமும் படிக்கிற நாங்கள் பின்னேரங்களில் ஒரு சாமான் அறைக்குள் கூடி, ரிமோட்டில் பறக்கிற சின்ன விமானங்கள் செய்வோம். கொங்கிறீற் படிக்க வந்த பிள்ளைகள் பஞ்சுபோல எடையில்லாத வெள்ளை ரெஜிபோம் பலகையோடு திரிவதை விரிவுரையாளர்கள் ஒருமாதிரியாகத்தான் பார்ப்பார்கள்.

முதல் விமானத்தை றிஸ்பா கன்ரீன் கூரையில் விழுத்தினாள். இரண்டாவது வாய்க்காலுக்குள் போனது. மூன்றாவது வயலில் படுத்திருந்த ஒரு எருமையின் முன்னால் போய்க் குத்தி நொறுங்கியது. எருமை எழும்பவேயில்லை, அசைபோடுவதைக்கூட நிறுத்தவில்லை. நியாயமாகச் சொன்னால், விமானத்தை ஏற்றுவதில் அவளை அடிக்க எங்கள் பீடத்தில் ஆள் கிடையாது. மேலே போனால் வளைப்பாள், புரட்டுவாள், பார்த்துக்கொண்டிருக்கிற எங்களுக்குத் தலை சுற்றும். தரை கிட்ட வரத்தான் கை நடுங்கும். இழுக்கக்கூடாத நேரத்தில் இழுப்பாள். விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு கணம் நின்றுவிட்டுப் பொத்தென்று விழும்.

எருமைக்குப் பிறகு கழகம் கூடிச் சட்டம் போட்டது. றிஸ்பா ஏற்றலாம், மேலே என்ன கூத்தும் ஆடலாம். இறக்குகிற நேரம் ரிமோட்டை அனிஸ்ரனின் கையில் கொடுத்துவிட வேண்டும். அனிஸ்ரனும் முல்லைத்தீவுதான், கடற்கரையில் மீன்பிடிக்கிற அல்பேர்ட்டின் மகன். அலையைப் பார்த்துப் பார்த்துப் படகைக் கரையேற்றிப் பழகியவன், எதற்கும் பதறமாட்டான். அதுவரை அவன் கையில் கொடுத்த விமானங்களையெல்லாம் ஒழுங்காக இறக்கியிருந்தான்.

றிஸ்பா சிரித்துக்கொண்டே சம்மதித்தாள். ஆனால் அன்று கன்ரீனில் அவளுடைய தேத்தண்ணி தொடாமலே ஆறிக்கிடந்தது.

"நாலு வருசமாப் பறக்க விட்டுட்டு ஒருநாளும் இறக்கேல்லையெண்டால், நான் விமானம் ஓட்டினனான் எண்டு சொல்லேலுமோ தர்சன்?" என்று கேட்டாள்.

நான் எழும்பிப் போய் அவளுக்குச் சூடாக இன்னொரு தேத்தண்ணி வாங்கிவந்தேன். அது அவளுக்குக் கடைசி வருடம். சோதனை முடிந்தால் ரிமோட்டுக்கும் அவளுக்கும் ஒரு தொடர்பும் இருக்காது.

இந்த நிலையில்தான் கொழும்பில் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டி வந்தது. அதற்குத் தெரிவாக வேண்டுமென்றால் வெட்டாத, ஒட்டாத ஒரு வீடியோ அனுப்ப வேண்டும். விமானம் எழும்பி, மூன்று நிமிடம் பறந்து, தன் சில்லிலேயே உருண்டு இறங்கி, உடையாமல் நிற்பது முழுவதும் அதில் தெரிய வேண்டும். எங்களிடம் மோட்டர் இருந்தது, பற்றரி இருந்தது, விமானம் செய்ய ரெஜிபோம் இல்லை. இருந்ததெல்லாம் கூரையிலும் வாய்க்காலிலும் எருமைக்கு முன்னாலும் போய்விட்டது.

றிஸ்பா வீட்டுக்குப் போய்வந்தாள். நளீருக்கு மீன் வியாபாரம். கரையில் மீன் எடுத்து ஐஸ் போட்டு வவுனியாவுக்கு அனுப்புகிறவர். மூடி உடைந்த ரெஜிபோம் மீன்பெட்டிகள் வீட்டுப் பின்வளவில் குவிந்து கிடந்தனவாம். நல்ல தடிப்பானவை, அதுவும் சும்மா கிடைப்பவை. கயிற்றில் கட்டிக்கொண்டு அவள் பஸ்ஸில் வந்து இறங்கியபோது, கொண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றதை நான் என் கண்ணால் கண்டேன்.

நான் அப்போதே சொன்னேன், இது மணக்கிறது என்று. அவள் ஒரு பெட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றுமே இல்லை என்றாள். அனிஸ்ரனும் முகர்ந்தான். ஒன்றுமே இல்லையாம். கழகத்தில் முக்கால்வாசிப் பேர் கரையோரத்துப் பிள்ளைகள். மீன் மணம் என்று ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதே அவர்களுடைய மூக்குக்குத் தெரியாது. எனக்காகச் சவர்க்காரமும் தேசிக்காயும் போட்டுக் கழுவி வெயிலில் வைத்தார்கள். பிறகு சூடாக்கின கம்பியால் விமானத்தின் இறக்கைகளை, செட்டைகளை, வெட்டத் தொடங்கினார்கள். அறை முழுக்கச் சூடை மீன் பொரிக்கிற வாசம் எழும்பியது. பக்கத்து ஆய்வுகூடத்திலிருந்து ஒருவர் வந்து, யார் சமைக்கிறது என்று கேட்டார்.

அன்றிலிருந்து வளாகத்துப் பூனைகள் எல்லாம் எங்கள் அறை வாசலில் குடியிருந்தன. ஒருநாள் கதவைச் சாத்த மறந்து போனோம். மறுநாள் பார்த்தால் விமானத்தின் வாலில் பாதியைக் காணோம். அப்போதாவது விளங்கியிருக்க வேண்டுமே? இல்லை. பூனைக்கு ரெஜிபோமைக் கண்டால் நகம் அரிக்குமாக்கும் என்று சொல்லிக்கொண்டு புது வால் ஒட்டினார்கள், அதுவும் மீன்பெட்டியில். அகலச் செட்டையும் மெல்லிய வாலுமாக அது திருக்கை மீன் மாதிரி இருந்ததால், திருக்கை என்றே பெயரும் வைத்தார்கள்.

பறக்கவிட எங்கள் வயலைக் கேட்டார்கள். அறுவடை முடிந்து வெறும் அரிதாளோடு கிடந்தது. நடுவில் ஒரு கீற்றில் அப்பா எங்களுக்காக அரிதாளைச் செருக்கி மட்டமாக்கித் தந்தார். போர் நடந்த எங்கள் பக்கத்தில் ஒரு பொருளை வானத்தில் விடுவதென்றால் சும்மாவா? கழகத்துக்குப் பொறுப்பான விரிவுரையாளர் அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி, இது பிள்ளைகளின் விளையாட்டு விமானம் என்று விளங்கப்படுத்தி அனுமதி எடுத்துக் கொடுத்தபோது, வீடியோ அனுப்புவதற்குக் கடைசி நாளே வந்துவிட்டது. விழுந்தால் இன்னொன்று செய்ய நேரமில்லை. ஆகவே சட்டம் சட்டம்தான் என்று எல்லோரும் றிஸ்பாவுக்கு ஞாபகப்படுத்தினார்கள். அவள் தலையாட்டினாள்.

காலை வெயில் ஏறுமுன் திருக்கை எழும்பியது. என்ன அழகாக எழும்பியது! முதல் வருடப் பிள்ளை லக்சிகா போனைப் பார்த்து நேரம் சொல்லிக்கொண்டிருந்தாள். அனிஸ்ரன் றிஸ்பாவின் அருகில், கை நீட்டினால் ரிமோட்டைத் தொடுகிற தூரத்தில் நின்றான். நான் கமராவோடு நின்றேன்.

முதலில் ஒரு காகம் வந்தது. திருக்கையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய், ஊரைக் கூட்டிக்கொண்டு வந்தது. பனை மரம், மின்கம்பம், வைக்கோல் போர் என்று இருந்த இடத்திலிருந்தெல்லாம் காகங்கள் எழும்பின. கத்திக்கொண்டு துரத்துகின்றன, திருக்கை பறக்கிறது. போதாக்குறைக்கு ஒரு செம்பருந்து மேலேயிருந்து இறங்கி, செட்டையில் ஒரு விள்ளலைக் கிள்ளி எடுத்துக்கொண்டு போனது. கொஞ்சத் தூரம் போய்த் தின்று பார்த்திருக்க வேண்டும், துப்பிவிட்டுத் திரும்பவும் வந்தது.

"அனிஸ்ரன், மணக்குதெண்டு சொன்னனான்தானே?" என்றேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோசமாக ஒரு வசனம் சொன்னதில்லை.

அனிஸ்ரன் அப்போதுதான் முதல்முறையாகப் பதறினான். சேர்ட்டைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு காகங்களைக் கலைக்க வயலுக்குள் ஓடினான். மேலே பார்த்துக்கொண்டு ஓடினால் கீழே வாய்க்கால் இருப்பது தெரியுமா? வரம்பைத் தாண்டி விழுந்தான். பிறகு எழும்பினான், சேற்றுச் சிலையாக நின்று இன்னும் சேர்ட்டைச் சுழற்றினான். லக்சிகா சிரித்த சிரிப்பில் நேரம் சொல்ல மறந்து போனாள். றிஸ்பாவோ வானத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. திருக்கையை இடமும் வலமும் வெட்டி, காகக் கூட்டத்துக்கு நடுவால் பாய்ந்து, பருந்துக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தாள். அவள் வாய்விட்டுச் சிரிப்பது வீடியோவில் இப்போதும் கேட்கும். நானும் சிரித்தேன். கமரா ஆடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

மூன்று நிமிடம் தாண்டிவிட்டது என்று லக்சிகா கத்தினாள். பற்றரி அடங்கத் தொடங்கியிருந்தது. அனிஸ்ரன் மூச்சு வாங்க ஓடிவந்து, கைகளைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு ரிமோட்டுக்காக நீட்டினான்.

றிஸ்பா கொடுக்கவில்லை.

"நானே இறக்கிறன்," என்றாள்.

"றிஸ்பா, இது விழுந்தால் கொழும்பு இல்லை."

"தெரியும். நான் இறக்கவேணும் அனிஸ்ரன்."

பறித்திருக்கலாம். பறித்திருந்தால் நானும் அவன் பக்கம்தான் நின்றிருப்பேன், கழகத்தின் ஒரு வருட உழைப்பு அது. அவன் ஒரு கணம் அவளுடைய முகத்தைப் பார்த்தான். பிறகு நீட்டின கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். அந்தச் சேற்று மனிதன் மீது எனக்கு அன்று வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

திருக்கை திரும்பித் தாழ்ந்து வந்தது. றிஸ்பாவின் விரல்கள் நடுங்குவதை நான் கண்டேன். பழைய நடுக்கம்தான். அந்த நேரம் பார்த்து ஒரு காகம், கூட்டத்திலேயே பிடிவாதமானது, பின்னால் வந்து வாலில் கொத்தத் தொடங்கியது. ஒரு கொத்து, ஒரு துண்டு. றிஸ்பாவுக்குக் கோபம் வந்ததே கோபம்! மீன்கரையில் கேட்டு வளர்ந்த ஏச்சு முழுவதையும் அந்தக் காகத்தின் தலையில் கொட்டினாள். அதன் தாயை, தகப்பனை, அது குடியிருக்கிற பனையை ஒன்றையும் விடவில்லை. ஏசிக்கொண்டே மோட்டரைக் குறைத்தாள், ஏசிக்கொண்டே செட்டையை மட்டமாக்கினாள். தரை வந்தது. ஒவ்வொரு முறையும் இழுக்கிற இடம் வந்தது. அவள் இழுக்கவில்லை. பயப்பட அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை, காகத்துக்குச் சொல்ல இன்னும் மிச்சம் இருந்தது.

சில்லு மண்ணைத் தொட்டது. ஒருமுறை துள்ளி, பிறகும் தொட்டு, செருக்கின கீற்றில் ஓடி, மெல்ல நின்றது. செட்டையில் ஒரு கடி, வாலில் இரண்டு கொத்து, மற்றபடி முழுதாக நின்றது.

முதலில் சத்தம் போட்டது காகங்கள்தான். இரை தானாகவே தரைக்கு வந்துவிட்ட சந்தோசத்தில் எல்லாம் சேர்ந்து இறங்கின. றிஸ்பா ரிமோட்டை அனிஸ்ரனின் கையில் திணித்துவிட்டு, அரிதாள் காலில் குத்தக் குத்த ஓடிப்போய், விமானத்துக்கு மேலே குடைபோலக் கவிழ்ந்து கிடந்தாள். நாங்கள் ஓடிப்போய்ச் சுற்றி நின்று காகங்களைக் கலைத்தோம். கமராவில் எல்லாம் பதிந்திருக்கிறதா என்று அனிஸ்ரன் என்னிடம் கேட்டான். எழும்பினதிலிருந்து நின்றது வரைக்கும் இருந்தது, அவள் ஏசினதும் சேர்த்து. ஏச்சை வெட்டினால் வீடியோ செல்லாது. நடுவர்கள் அதையும் கேட்கட்டும் என்று முடிவெடுத்தோம்.

அவள் எழும்பவில்லை. கவிழ்ந்து கிடந்தபடியே போனை எடுத்து வீட்டுக்கு அடித்தாள். அவசரத்தில் ஸ்பீக்கரையும் அழுத்திவிட்டாள். மீன்வாடியின் இரைச்சலுக்குள்ளே நளீரின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"வாப்பா, இறக்கிப்போட்டன்."

அந்தப் பக்கம் ஐஸ் உடைக்கிற சத்தத்துக்கு மேலால் நளீர் கேட்டார்.

"எத்தனை துண்டு மகள்?"

"ஒண்டு வாப்பா," என்றாள். "ஒண்டே ஒண்டு." சிரித்துக்கொண்டே அழுதாள்.