கிராணியைத் தூக்கிய நால்வர்

அந்தப் புத்தகத்தைத் தொட்டால் இன்னும் கை கழுவத் தோன்றுகிறது. வழவழப்பான தாள், அட்டையில் மூடுபனி சூழ்ந்த கொடிமலை, உள்ளே நேர்த்தியான பக்கங்கள். அச்சில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை இல்லை என்று கையெழுத்துப் போட்டவளே நான்தான்.

பாயான் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளராக இருக்கிறேன். சரிபார்ப்புப் பட்டியலில் எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்தால் சரக்கு வெளியே போகும். ஒன்று விழாவிட்டாலும் நிற்கும். வீட்டிலும் நான் அப்படித்தான். பயணத்துக்குப் பட்டியல், பொங்கல் சாமானுக்குப் பட்டியல், பல் மருத்துவரிடம் கேட்கவேண்டியதற்கும் பட்டியல். அதனால் பெரியப்பாவின் சங்கம் உள்ளூர் வரலாற்றுப் புத்தகம் ஒன்றை வெளியிட முடிவு செய்தபோது, பக்க வடிவமைப்பும் இறுதிச் சரிபார்ப்பும் என்னிடம் வந்தன.

எங்கள் தீவின் கொடிமலையையும் அதன் அடிவாரத்தையும் பற்றிய புத்தகம் அது. மலை ரயில் வருவதற்கு முன்பே மலையுச்சி ஒரு சுகவாசத் தலமாக இருந்தது. கீழே நகரத்தில் காய்ச்சல் கண்ட வெள்ளைக்காரத் துரைமார்கள் குளிர்காற்று வாங்க மேலே போய்த் தங்குவார்கள். இன்று அடுக்குமாடிகளும் சந்தையும் நெருக்கும் ஆயர் ஈத்தாம் அப்போது தோட்டமும் காய்கறிப் பாத்தியுமாகக் கிடந்த நாட்டுப்புறம். எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்து வேலைக்கு வந்தது. என் கொள்ளுத்தாத்தா அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர். அந்தக் காலப் பேச்சில் கிராணி. ஒருமுறை காய்ச்சலில் படுத்த அவரையும் துரையின் தயவில் மலைக்கு அனுப்பினார்களாம். வெள்ளைக்காரனுக்குச் சமமாக மலையில் ஓய்வெடுத்தவர் என்று எங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் அந்தக் கதை வெளியே வரும். பெரியப்பா அவருக்கென்று ஓர் அத்தியாயமே எழுதினார். தலைப்பு: ‘சுகம் தேடி மலையேறியவர்கள்’.

அவர்கள் ஏறவில்லை. அவர்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அது எனக்குத் தெரியவந்தது தொழிற்சாலைக் கேண்டீனில். என் பிரிவில் லைன் லீடராக இருக்கும் அக்கா ஐம்பதைத் தாண்டியவர். ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் தன் அப்பாவோடு வசிக்கிறார். நான் மடிக்கணினியில் மலைப் படங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தபோது தட்டோடு வந்து எட்டிப் பார்த்தார்.

“இதுல எங்க பாட்டன் படம் இல்லயா?”

“அவரு யாருக்கா?”

“மலைக்கு நாற்காலி தூக்குனவரு லா. எங்கப்பாவோட தாத்தா. படம் இருக்கு, இரு காட்டுறேன்.”

கைத்தொலைபேசியை நீட்டினார். இரண்டு நீளக் கழிகளில் கட்டிய பிரம்பு நாற்காலி. முன்னால் இருவர், பின்னால் இருவர், கழிகள் அவர்கள் தோளில். நால்வருக்கும் வெறுங்கால். நாற்காலியில் கோட்டு போட்டு, இடுப்புவரை கம்பளி போர்த்திய ஓர் ஒல்லி மனிதர். ஒரு புருவம் மட்டும் மேலேறியிருந்தது. அந்தப் புருவத்தைப் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் சட்டமிட்டு மாட்டியிருக்கிறார்கள். என் அப்பாவுக்கும் அதே புருவம். எனக்கும்.

“அக்கா, நாற்காலில இருக்கறது என் கொள்ளுத்தாத்தா.”

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். “அந்தக் கிராணியா? ஐயோ தங்கச்சி! ஒங்காளு போற வழியில எங்க பாட்டன் முதுகுலயே வாந்தி எடுத்தாராம். தொடைக்கக்கூட எறக்கி வைக்கலயாம், நேரா மேல போயிட்டாங்களாம். அதயும் எழுது புக்குல.”

முன்வரிசையில் வலப்பக்கம் நிற்பவர்தான் அவருடைய பாட்டன். காதில் கடுக்கன். அந்தக் குடும்பத்தில் அவருக்கு இருக்கும் ஒரே படம் அது. அக்காவின் அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கண்ணில் அழுத்தம், பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது, இழந்தது திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

“கண்ணு முழுசா போறதுக்குள்ள அவரு தாத்தாவ ஒரு பொஸ்தகத்துல பாத்துடட்டும், தங்கச்சி. எனக்கு அவ்வளவுதான் வேணும்.”

“ஒரு பக்கம் முழுக்கப் போடறேன்க்கா. என் பொறுப்பு.”

அச்சுக்குக் கைத்தொலைபேசிப் படம் போதாது. அசல் வேண்டும். அக்கா அதை யாரிடமும் கொடுத்தனுப்பச் சம்மதிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலை பெரியப்பா வீட்டுக்குத் தானே கொண்டுவந்தார். பெரியப்பாவையும் சேர்த்துச் சங்கத்தார் மூவர் அங்கே இருந்தார்கள். பெரியம்மா தங்க விளிம்பு போட்ட பீங்கான் கோப்பைகளைத் தட்டில் அடுக்கியிருந்தார். எண்ணினேன், எனக்கு அது பழக்கம். கோப்பைகள் ஆறு. கூடத்தில் ஆட்கள் ஆறு பேர்.

“பிள்ளை, அந்த அலுமாரியில பேப்பர் கப் இருக்கு. ஒண்டு எடு.”

“கோப்பை சரியா இருக்கே பெரியம்மா.”

“அவவுக்கு அதில குடு. இப்ப எல்லாம் ஹைஜீன்தானே.”

எடுத்துக் கொடுத்தவள் நான். அக்கா காகிதக் குவளையை வாங்கி, எல்லார் கையையும் ஒருமுறை பார்த்து, ஒரே மடக்கில் குடித்தார். அதைக் கசக்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். எங்கள் குப்பைத்தொட்டியில்கூட அதைப் போடவில்லை.

பெரியப்பா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “அருமையான படம் அம்மா. மற்றதுகளோட சேர்த்து நானே பிரிண்டருக்குக் குடுக்கிறன்.”

ஒவ்வோர் அத்தியாயத்தின் தொடக்கத்திலும் ஒரு முன்னோரின் முகம் வட்டத்துக்குள் வரும்படி வார்ப்புரு செய்தது நான். அக்காவின் படத்துக்கு எதிர்ப்பக்கம் முழுவதையும் ஒதுக்கியிருந்தேன். இறுதிப் பிரதி மதிய உணவு நேரத்தில் அச்சகத்திலிருந்து கணினிக்கு வந்தது. என் பட்டியலில் முப்பத்தொரு கட்டம். பக்க எண்கள் தொடர்கின்றனவா? ஆம். எழுத்துப்பிழை? இல்லை. வெற்றுப் பக்கம்? இல்லை. படத்தின் தெளிவு போதுமா? போதும். முகம் வட்டத்தின் நடுவில் உள்ளதா? உள்ளது. முப்பத்தொரு டிக். கையெழுத்து. அதன் பிறகு மீதிச் சோற்றைச் சாப்பிட்டேன்.

எதிர்ப்பக்கம் வெற்றாக இல்லைதான். அதில் ஒரு பிரமுகரின் வாழ்த்துச் செய்தி இருந்தது. படத்தில் இருக்கவேண்டியவர்கள் இருக்கிறார்களா என்று கேட்கும் கட்டம் என் பட்டியலில் இல்லை.

வெளியீட்டு விழா ஞாயிறு காலை. மண்டபத்தில் வடை, கேசரி, மீ கோரெங். அக்கா மயில்நிறப் பட்டுப்புடவையில் வந்திருந்தார். மாடிப்படி என்பதால் அப்பாவைக் கூட்டிவரவில்லை. புத்தகத்தை வாங்கி நின்றபடியே பக்கங்களைத் தள்ளினார். நான் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பக்கத்தில் அவர் கை நின்றது. முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை புரட்டிவிட்டுத் திரும்பவும் அங்கேயே வந்தார்.

“தங்கச்சி, இங்க தூக்குற ஆளுங்க எங்க? ஒங்க தாத்தா தானா பறந்து போனாரா?”

வட்டத்துக்குள் என் கொள்ளுத்தாத்தா மட்டும், உயர்ந்த புருவத்தோடு. கம்பளியும் கழியும் போய்விட்டன. வலது ஓரத்தில் கறுப்பாக ஏதோ ஒன்று. அக்கா அதன்மேல் நகத்தை வைத்தார்.

“இந்தா இருக்காரு எங்க பாட்டன். அரைக் காது. இதத்தான் எங்கப்பாகிட்ட காட்டணுமா?”

பெரியப்பா கையில் பாதி வடையோடு வந்தார். மோவாயில் எண்ணெய் மினுங்கியது.

“அம்மா, இது ஹிஸ்டரி புக். முழுப் படத்தையும் போட்டா வாசிக்கிறவன் கவனம் சிதறும். அந்தக் கூலியாக்கள் ஆரெண்டும் தெரியாதே.”

“எனக்குத் தெரியுமே ஐயா. எங்க பாட்டன் பேரு, அவரு ஊரு, எல்லாம் தெரியும். நீங்க கேக்கல.”

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். “பிள்ளை, வந்தவவுக்குச் சாப்பாடு குடு. பார்சல் கட்டிக் குடு.”

அக்கா புத்தகத்தை மேசையில் வைத்தார். “சாப்பாடு வேணாம். படத்த மட்டும் குடுத்துடுங்க.”

அன்று மத்தியானமே பெரியப்பாவின் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்தேன். அச்சகத்துக்கு அடையாளம் காட்ட அசலின் மேலேயே சிவப்பு மார்க்கரால் வட்டம் போட்டிருந்தார். கோட்டுக்கு உள்ளே, அதை ஒட்டியபடி, ஒரு தேநீர் வளையம். வட்டம் வரைய எதைக் கவிழ்த்து வைத்தார் என்று கேட்கவேண்டிய அவசியமில்லை. சமையலறையிலிருந்து தங்க விளிம்புக் கோப்பை ஒன்றை எடுத்துவந்து வைத்துப் பார்த்தேன். மில்லிமீட்டர் பிசகவில்லை. சிவப்புக் கோடு முன்வரிசை வலப்பக்க மனிதரின் காது வழியாகக் கன்னத்தில் இறங்கி ஓடியது.

“ஒரு கோடுதானே. ஏன் இப்பிடி நிக்கிறாய்?” என்றார் பெரியப்பா, செய்தித்தாளைத் தாழ்த்தாமல்.

வேலையிடத்தில் சர்க்யூட் பலகை துடைக்கும் ஆல்கஹால் இருக்கிறது. திங்கட்கிழமை ஒரு பஞ்சுக்குச்சியில் தொட்டு, முதலில் படத்தின் ஒரு மூலையில், யாரும் இல்லாத புல்தரையில் சோதித்தேன். சிவப்பு இருக்கும் இடத்தில் நேரே கை வைக்கக்கூடாது என்பதாவது எனக்குத் தெரிந்திருந்தது. பஞ்சில் புல்தரை கறுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது. கோட்டைத் துடைத்தால் அதன் அடியில் இருக்கும் முகமும் வந்துவிடும். குச்சியைக் கீழே வைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு காலை பஸ் ஏறி ஆயர் ஈத்தாமுக்குப் போனேன். படத்தை இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்திருந்தேன். புத்தகமும் பையில் இருந்தது. அதை ஏன் எடுத்துப் போனேன் என்று இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அக்காவின் அப்பா ஜன்னலோரம் வெளிச்சம் விழும் நாற்காலியில் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். படத்தை வாங்கி மூக்குக்கு அருகே கொண்டுபோனார். கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

“சிவப்பா வட்டம் போட்டுக் காட்டியிருக்காங்க,” என்றார். பிறகு சிரித்தார். “அடடா, ஆள மாத்திப் போட்டுட்டாங்களே! நம்ம ஆளு இந்தப் பக்கம் லா.”

அக்கா சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாத்திப் போடலீங்க ஐயா,” என்றேன். “தெரிஞ்சேதான் போட்டாங்க. எங்க பெரியப்பா. நான் பாக்காம சரின்னு கையெழுத்துப் போட்டுட்டேன். கோட்ட எடுக்கவும் முடியல. எடுத்தா அவரு முகமும் போயிடும்.”

அவர் படத்தை மடியில் வைத்தார். “பொஸ்தகத்துல எப்படி வந்திருக்கு?” என்றார்.

கொடுத்தேன். வட்டத்தின் மேல் கண்ணாடியை வைத்து மெதுவாக வலப்பக்கம் நகர்த்தினார். ஓரத்தில் நிறுத்தினார்.

“இந்தா, கடுக்கன் தெரியுது. இது அவரு காதுதான்.” மகளைக் கூப்பிட்டார். “இங்க வா, பாரு. பொஸ்தகத்துல வந்துட்டாரு.”

“அரைக் காதுப்பா.”

“வந்துருக்கு இல்ல?”

காகிதக் குவளை, எண்ணெய் மோவாய், தேநீர்க் கறை எல்லாவற்றையும் சகித்துக்கொண்டு நின்றிருந்தேன். அந்தக் கிழவர் அரைக் காதுக்கு மகிழ்ந்ததைத்தான் தாங்க முடியவில்லை. அவரிடமிருந்து புத்தகத்தைப் பிடுங்கவேண்டும் போலிருந்தது. அக்கா உள்ளே போய் மூன்று கண்ணாடிக் கிளாஸில் தேநீர் கொண்டுவந்தார். மூன்றும் ஒரே மாதிரி கிளாஸ். நான் என் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டேன். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை.

“குடி,” என்றார் அக்கா. “கழுவுன கிளாஸுதான்.”

குடித்தேன்.

நான் கிளம்பியபோது அக்கா வாசல்வரை வந்தார். அப்பா கையில் படத்தை விட்டுவிட்டுப் புத்தகத்தை மட்டும் எடுத்து வந்திருந்தார். அதை என் பைக்குள் திணித்தார்.

“இத நீயே வச்சிக்க தங்கச்சி. எங்க ஆளுங்க நாலு பேரும் வீட்லயே இருக்கட்டும். ஒங்க தாத்தாவ நீ தூக்கிட்டுப் போ.”

லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஒன்பது மாடி இறங்கினேன். வழவழப்பான தாள் கனமானது.