ரெண்டு மணிப் படமும் ஓயாத போனும்

கேபிள் டிவி கந்தோரில் வேலை செய்கிறவளிடம் ஊரில் யாரும் சுகம் விசாரிப்பதில்லை, "இண்டைக்கு என்ன படம்?" என்றுதான் கேட்பார்கள்.

மன்னார் டவுனில் எங்களுக்கென்று ஒரு சின்னச் சானல் இருக்கிறது. மத்தியானம் ரெண்டு மணிப் படத்தைத் தெரிவு செய்வது நான். பெரிய நடிகர்களின் படம் எல்லாச் சானலிலும் ஓடுகிறதுதானே என்று, தியேட்டரில் ஓடாத, ஆனால் எனக்குப் பிடித்த படங்களைப் போடுவேன். போட்டுவிட்டு ஓரிடத்தில் இருக்க ஏலாது. வாசலுக்கும் மேசைக்கும் நடைதான். பிடித்த படத்தை அடுத்தவருக்குப் போட்டுக்காட்டிவிட்டு, அவர் முகத்தையே பார்த்துத் தவித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். எனக்கு முகமும் தெரியாது, போன் மட்டும்தான்.

சண்டை இல்லாத படம்

கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போன மனைவியைத் தேடி, ஒரு மெக்கானிக் பஸ் மாறி மாறிப் போகிற படம். அடிதடி இல்லை, ஆட்டமும் இல்லை. முதல் தரம் போட்ட அன்று படம் முடிந்த கையோடு, பக்கத்து ஊரான தாழ்வுபாட்டிலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"கடைசிவரைக்கும் பாத்திட்டுத்தான் வாறன் தங்கச்சி, இனி இதைப் போட்டால் வயரை அறுத்துப்போடுவன்!"

கடைசிக் காட்சி

நான் அதைத் திரும்பவும் போட்டேன். முடிகிற நேரம் பார்த்து எருக்கலம்பிட்டிப் பக்கம் கரண்ட் போய்விட்டது. அங்கேயிருந்து ஆயிஷா ராத்தா எனக்குப் போன் எடுத்தார். முடிவைச் சொல்லட்டுமா என்றேன். "சொல்லாதீங்க, பாக்கோணும்" என்றார். பிறகுதான் விஷயம் வந்தது. படகை விற்கிற பிரச்சினையில் அவரும் புருஷனும் கதைப்பதில்லையாம். அந்தப் படத்தைத்தான் கனநாளைக்குப் பிறகு ரெண்டு பேரும் ஒன்றாக இருந்து பார்த்தார்களாம்.

அடுத்த நாள் ஓட்டோவில் ரெண்டு பேரும் வந்தார்கள். கதிரை போட்டுக் கொடுத்துக் கடைசிக் காட்சியை ஓடவிட்டேன். மெக்கானிக் வாசலில் வந்து நிற்கிறான், தட்டவில்லை. மனைவி உள்ளேயிருந்து கதவைத் திறக்கிறாள். அவ்வளவுதான் படம். "பாத்தீங்களா, அவன் தேடிப் போறான்" என்றார் ராத்தா, புருஷனைப் பார்த்து.

"ஓம், அவள் கதவைத் திறக்கிறாள். நீ திறந்தியா?"

ஆட்டு நாடகம்

பேசாலை பிலோமினா அக்காவின் புருஷன் அந்தோனி கடலில் தொழிலுக்குப் போய், காத்து மாறி, சொன்ன நேரத்துக்குக் கரை திரும்பவில்லை. தேடிப் போன படகுகளும் வெறுங்கையோடு வந்தன. வீடு நிறைய அழுகிற சனம். அப்போதுதான் அக்கா எனக்குப் போன் எடுத்தார்: "தங்கச்சி, அந்த ஆட்டு நாடகத்தைப் போடுவீங்களா? பிள்ளையள் அதைப் பாத்தால் வாசலைப் பாக்கமாட்டினம்."

வாடகை வீட்டில் ஆடு வளர்க்கிறதை மறைக்கப் படாதபாடு படுகிற குடும்பத்தின் கதை அது. எங்கேயும் பேர் எடுக்காத டிவி நாடகம். முதல் பாகத்திலிருந்து கடைசிப் பாகம் வரைக்கும் போட்டேன். முடிய, திரும்பத் தொடங்கினேன். படம் எங்கே என்று போனுக்கு மேல் போன். ஒருவருக்குக் காரணத்தைச் சொன்னேன். மற்றவர்களுக்கு அவரே சொல்லியிருப்பார்போல. அதற்குப் பிறகு முறைப்பாடு வரவேயில்லை. தகரக் கூரையைக் காத்து அடிக்க அடிக்க வாசலுக்கும் மேசைக்கும் நடந்தேன். போன் வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம். ஆடு கட்டிலுக்குக் கீழே ஒளிக்கிற இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த நாள் விடியற்காலையில் பிலோமினா அக்கா போன் எடுத்தார். வெறும் அழுகைச் சத்தம். மேசையைப் பிடித்துக்கொண்டேன். "வந்திட்டார்" என்ற சொல் வர எவ்வளவோ நேரம் எடுத்தது. எஞ்சின் பழுதாகி, படகு இழுபட்டுப் போய், தூரத்து ஊரொன்றில் கரை தட்டியிருக்கிறது. அங்குள்ள மீன்பிடிக்காரர் வீட்டில் வைத்துச் சாப்பாடு கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

அந்தோனி அண்ணன் கொஞ்சம் தேறியதும் கந்தோருக்கு வந்தார். உப்புக் காத்தில் வெடித்த உதடு இன்னும் ஆறவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் கடலில கிடந்து செபம் சொல்லேக்க, என்ர வீட்டில ஆட்டைப் பாத்துச் சிரிச்சவையாம், அதில நல்ல துண்டு எது, எனக்கும் போட்டுக் காட்டுங்கோ."

ஒரு படம் நல்லதா என்று அறிய எனக்குத் தெரிந்த ஒரே வழி, அதைப் போட்டுவிட்டுப் பேசாமல் ஓரிடத்தில் இருப்பதுதான், ஆனால் அது மட்டும் எனக்கு இன்னும் வரவில்லை.