மேற்குச் சுவருக்கு உடம்பு சரியில்லை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காபியில் முதல் வாய் உள்ளே போவதற்குள் எங்கள் அப்பார்ட்மென்ட் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு செய்தி வந்து விழுந்தது.

‘எனக்கு உடம்பு சரியில்லை. யாராவது வந்து பாருங்கள்.’

அனுப்பியது யார் தெரியுமா? எங்கள் கட்டடத்தின் மேற்குச் சுவர்.

சிரிக்காதீர்கள். விளக்கிவிடுகிறேன்.

மயிலாப்பூர் குளத்திலிருந்து நாலு தெரு தள்ளி, மொத்தம் எட்டே வீடுகள் உள்ள பழைய கட்டடம் எங்களுடையது. பால்கனியில் கம்பி எட்டிப் பார்க்கிறது. மழை பெய்தால் மாடிப்படியும் நனைகிறது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்பதில் எட்டு வீட்டுக்கும் ஒரே கருத்து. எப்படிக் கட்டுவது என்பதில்தான் இரண்டு கட்சி.

ஒரு பில்டர் பிளான் கொடுத்திருந்தார். லிஃப்ட், கார் பார்க்கிங், முன்னால் பளபளவென்று கண்ணாடி. தரைத் தளத்து முருகேசன் அந்தப் பக்கம். தி. நகரில் புடவைக் கடை வைத்திருப்பவர். பளபளப்பின் அருமை தெரிந்தவர்.

இன்னொரு பிளான் எங்கள் எதிர் ஃபிளாட் வித்யாவுடையது. ஆர்க்கிடெக்ட். தரமணியில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. பேச ஆரம்பித்தால் கை இரண்டும் காற்றிலேயே ஒரு வீட்டைக் கட்டி முடித்துவிடும்.

“வீடுன்னா செங்கல், சிமென்ட் மட்டும்தானா சார்? சுவரே உயிரோட இருந்தா என்ன?” என்று கேட்டார்.

விஷயம் இதுதான். எட்டு வீட்டு சிங்க் தண்ணீரும் பின்பக்கம் ஒரு தொட்டிக்குப் போகும். அதில் கல்வாழை. அதன் வேர் வடிகட்டிக் கொடுக்கும் தண்ணீர், மேற்குச் சுவர் முழுக்க நிற்கும் கண்ணாடிக் குழாய்களில் ஏறும். குழாய்களுக்குள் பாசி... குளத்துப் படிக்கட்டில் வழுக்குமே, அதற்குச் சொந்தக்காரப் பாசிதான். அது நம் மிச்சம் மீதியைத் தின்று வெயிலில் வளரும். நமக்கு நிழல் கொடுக்கும். சுத்தமான தண்ணீர் செடிக்கும் டாய்லெட்டுக்கும் திரும்பி வரும். பம்ப், சென்சார், ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து அந்தப் பாசியைப் பார்த்துக்கொள்ளும்.

“பாசி உடம்பு, மெஷின் நரம்பு. அவ்வளவுதான் சார்.”

ஓட்டெடுப்புக்கு முன்னால் மூன்று மாதம் வெள்ளோட்டம் பார்ப்பது என்று முடிவானது. இப்போதிருக்கும் மேற்குச் சுவரிலேயே குழாய்களைப் பொருத்தினார் வித்யா. அந்தக் கம்ப்யூட்டரைக் குழுவிலும் சேர்த்துவிட்டார். ‘இன்று எண்ணெய் கொஞ்சம் அதிகம். யார் வீட்டில் பஜ்ஜி?’ என்று சுவர் கேட்கும். எங்கள் வீட்டில்தான்.

நாலு ஃபிளாட்டில் பாத்திரம் கழுவும் செல்வி அதற்குப் பச்சையம்மா என்று பேர் வைத்தார். வேலை முடிந்து போகும்போது, “வரேன் பச்சையம்மா” என்று குழாயைத் தட்டிவிட்டுப் போவார். நாளடைவில் எல்லோரும் தட்ட ஆரம்பித்தோம். யாரும் பார்க்காத நேரம் பார்த்து நானும்.

தட்டாதவர் ஒருவர்தான். இரண்டாவது மாடி சேஷாத்ரி. பொதுப்பணித் துறையில் முப்பது வருஷம் பாலம் கட்டி ரிடையர் ஆனவர். முதல் மீட்டிங்கிலேயே எழுந்து நின்று சொல்லிவிட்டார்.

“வித்யா, உன் படிப்பு மேல எனக்கு மரியாதை இருக்கு. ஆனா வீடுன்னா அது சாகாததா இருக்கணும். நீ சாகற வஸ்துவை வெச்சுண்டு கட்டறேன்னு சொல்றே.”

அவர் மனைவி ராஜி மாமி பாத்ரூமில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருந்த சமயம். அவரும் அதிகம் வெளியே வருவதில்லை.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

எல்லோரும் பின்பக்கம் ஓடினோம். பச்சையம்மா பச்சையாக இல்லை. குழாய்கள் ஆறிப்போன டீயின் நிறத்தில் இருந்தன. கல்வாழை இலைகளின் ஓரம் கருகியிருந்தது. ஒரு மாதிரி வாடை. வித்யா நைட்டிமேல் துப்பட்டாவோடு தொட்டி ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கை இரண்டும் மடியில். அந்தக் கைகள் சும்மா இருந்து அன்றுதான் பார்த்தேன்.

“தண்ணியில காரம், அதான் ஆல்கலி, எக்கச்சக்கமா ஏறியிருக்கு சார். யாரோ எதையோ ஊத்தியிருக்காங்க.”

“போயிடுச்சா?”

“போயிடுச்சு.”

ஓட்டெடுப்புக்குச் சரியாக ஒரு வாரம் இருந்தது. செத்துப்போன சுவரைக் காட்டி யாரிடம் ஓட்டுக் கேட்பது?

மத்தியானத்துக்குள் குழுவில் ஆரம்பித்துவிட்டார்கள். முருகேசன் எழுதினார்: ‘யார் மேலயும் குத்தம் சொல்லல. நேத்து சாயங்காலம் தொட்டிகிட்ட சேஷாத்ரி சார் ரொம்ப நேரம் நின்னுட்டு இருந்தார். பார்த்ததைச் சொன்னேன்.’

அடுத்தடுத்து ஓ, அப்படியா, அச்சச்சோ. நடுவில் நானும் ஒரு வரி எழுதினேன். ‘சிலருக்கு இது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.’

வாரா வாரம் இந்தப் பத்தியில் உங்களுக்கு நியாயம் பேசுகிறவன் எழுதிய வரி அது. ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சேஷாத்ரியும் படித்துவிட்டார். நீல டிக் மட்டும் விழுந்தது.

செவ்வாய்க்கிழமை காலை செல்வி எங்கள் சிங்க்கின் அடியிலிருந்து ஒரு டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தார்.

“இன்னா சார், இது காலியா கீது? போன வாரம்தான் அம்மா சொல்லி நான் புச்சா வாங்கியாந்து வச்சேன்.”

சிங்க் அடைப்பை எடுக்கும் பவுடர் டப்பா.

சனிக்கிழமை மத்தியானம் என் மனைவி புவனா, தங்கை மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க ரங்கநாதன் தெருவுக்குப் போயிருந்தாள். முந்தின நாள் உப்புமாவை நான் சிங்க்கில் தள்ளித் தண்ணீர் விட்டேன். உப்புமா போகவில்லை. தண்ணீரும் போகவில்லை. புவனா வருவதற்குள் சரிசெய்துவிட வேண்டும் என்று டப்பாவை எடுத்துக் கொட்டினேன். புகை வந்தது, அடைப்பு போனது. கெட்டிக்காரன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

‘சிங்க்கில் சோப்பைத் தவிர எதுவும் வேண்டாம்’ என்று மூன்று மாதத்துக்கு முன்னால் வித்யா ஒட்டிவிட்டுப் போன தாள் அந்தக் குழாய்க்கு மேலேதான் இருக்கிறது.

ஞாயிறு காலை வித்யா ‘காரம்’ என்று சொன்னபோதே எனக்கு உறைக்கவில்லையா? நேர்மையாகச் சொல்லவேண்டுமென்றால்... மனசில் எங்கோ ஒன்று லேசாக அசைந்தது. நான் அதைத் தட்டி எழுப்பவில்லை. அவ்வளவுதான்.

“அந்த மாடி ஐயரைப் போய் எல்லாம் பேசிக்கினு கீறாங்க சார்,” என்றார் செல்வி. “அவரு பாவம், ரெண்டு நாளா சரியா துன்னவே இல்லைனு மாமி சொல்லிச்சு.”

டப்பாவை என் முன்னால் டீப்பாயில் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

எங்கள் முதல் மாடியிலிருந்து மேலே ஏறினேன். பதினெட்டுப் படி. அன்று எண்ணினேன்.

சேஷாத்ரி கதவைத் திறந்தார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. “உள்ளே வாங்கோ” என்றார். உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“எவ்வளவு போட்டேள்?”

“முழு டப்பா.”

“ரெண்டு ஸ்பூன்னு டப்பாவிலேயே போட்டிருக்குமே?”

“படிக்கலை.”

“எழுதறவா படிக்க மாட்டா போலிருக்கு,” என்றார். அவ்வளவு தகுதியான அடியை எந்த வாசகர் கடிதமும் எனக்குக் கொடுத்ததில்லை.

“இப்பவே குரூப்ல போட்டுடறேன் சார்.”

“போடுங்கோ. சுருக்கமா போடுங்கோ.”

அவர் எதிரிலேயே நின்று தட்டினேன். ‘சுவரைக் கொன்றது நான். சேஷாத்ரி சார் இல்லை. அவரைப் பற்றி நான் எழுதியது தப்பு. மன்னிக்கவும்.’ இருபத்தைந்து வருஷமாக எழுதுகிறேன். எழுதியதை அனுப்பும் முன் இரண்டு தரம் படித்துப் பார்த்தது அன்றுதான்.

முதலில் வந்தது வித்யாவின் பதில். ‘பரவாயில்லை சார். நாளைக்குத் தரமணி வாங்க. லேப்ல புதுப் பாசி தரேன். கேன் தூக்கணும்.’

சேஷாத்ரி என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார். “ஒரு கேனா, ரெண்டு கேனா? தனியாத் தூக்க முடியாது. நானும் வரேன்.”

புதன்கிழமை மத்தியானம், இருபது லிட்டர் தண்ணீர் கேன் இரண்டில் பச்சைக் கரைசலை நிரப்பிக்கொண்டு நாங்கள் இருவரும் தரமணி ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறினோம். ஆளுக்கொரு கேன், கால்களுக்கு நடுவில். எதிர் ஸீட்டில் இருந்தவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“இன்னா நைனா அது, மூலிகை ஜூஸா?”

“சுவருக்குப் போடற மருந்து,” என்றார் சேஷாத்ரி. கேட்டவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. சென்னையில் எதற்கும் யாரும் அதிகம் ஆச்சரியப்படுவதில்லை.

கோட்டூர்புரம் தாண்டும்போது நானே கேட்டேன். “சனிக்கிழமை சாயங்காலம் தொட்டிகிட்ட எதுக்கு சார் நின்னீங்க?”

அவர் ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“ராஜி விழுந்ததுலேர்ந்து மத்தியானம் தூங்கினதே இல்லே. மேற்கு ரூம், அனல் அடிக்கும். வலி வேற. இந்தக் குழாய் போட்டப்பறம் மூணு மணி வெயில் பச்சையா உள்ளே வரது. அந்தக் குமிழிச் சத்தம் வேற... கேட்டுண்டே தூங்கிடறா. சனிக்கிழமை அந்தச் சத்தம் கொறைஞ்சுது. அவதான் சொன்னா, ‘ஏன்னா, அதுக்கு என்னமோ ஆயிடுத்து, போய்ப் பாருங்கோ’ன்னு. போய்ப் பார்த்தேன். பம்ப் சரியாத்தான் ஓடித்து. வேற ஒண்ணும் எனக்குப் புரியலை.”

“வித்யாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே?”

கேனைக் கால்களால் இன்னும் இறுக்கிக்கொண்டார்.

“எப்படிச் சொல்றது? மீட்டிங்ல அத்தனை பேச்சுப் பேசிட்டு, அது நன்னாருக்கணும்னு இப்போ நானே கவலைப்படறேன்னு எப்படிச் சொல்றது?”

அவருடைய கேனின் மூடி லேசாகக் கசிந்து வேட்டி ஓரம் பச்சையானது. அவர் அதைக் கவனிக்கவில்லை. கவனித்துவிட்டுச் சும்மா இருந்தாரோ என்னவோ.

திருமயிலை ஸ்டேஷனில் இறங்கும்போது இரண்டு கேனையும் நானே தூக்க முயன்றேன். என் வயசுக்கு அது நடக்கவில்லை. பழையபடி ஆளுக்கொன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை மீட்டிங். குழாய்களில் இளம்பச்சை ஏற ஆரம்பித்திருந்தது. பழைய கரும்பச்சை இன்னும் வரவில்லை. முருகேசன் என் பக்கம் பார்த்தபடி எழுந்தார். அவர் பேசியதில் தப்பு எதுவும் இல்லை.

“சாரை நான் குறை சொல்லலை. நல்லவர்தான். ஆனா ஒருத்தர் மறந்துபோய் ஒரு டப்பா கொட்டினதுக்கே இந்தக் கதின்னா, நாளைக்குக் கட்டடம் பூரா இப்படி இருந்தா என்ன ஆகும்? வாடகைக்கு வர்றவங்க இருப்பாங்க, வேலைக்கு வர்றவங்க இருப்பாங்க. எல்லாரும் ஒழுங்கா இருப்பாங்களா?”

என்னைப் பார்க்காமலிருக்க வித்யா பட்ட சிரமம் எனக்குத் தெரிந்தது.

சேஷாத்ரி எழுந்தார். கையில் நாலாக மடித்த ஒரு தாள்.

“முருகேசன் சொல்றது வாஸ்தவம். எல்லாரும் ஒழுங்கா இருக்க மாட்டா. நான் முப்பது வருஷம் பாலம் கட்டினவன். ஒழுங்கா ஓட்டறவன் மட்டுந்தான் மேலே வருவான்னு நம்பி யாரும் பாலம் கட்டறதில்லே. தூங்கிண்டே ஓட்டறவனும் வருவான். அவனுக்கும் சேர்த்துத்தான் கைப்பிடிச் சுவர்.” வித்யா பக்கம் திரும்பினார். “எட்டு ஆத்துல ஒருத்தர் மறந்தா மொத்தமும் செத்துப்போயிடும்னா, தப்பு மறந்தவர் மேல இல்லேம்மா. டிசைன் மேல.”

தாளைப் பிரித்து வைத்தார். பேனாவால் போட்ட வரைபடம். ஒவ்வொரு வீட்டு சிங்க்குக்கும் தனியாக ஒரு சின்ன டேங்க், ஒரு சென்சார், தானாக மூடிக்கொள்ளும் ஒரு வால்வு. எந்த வீட்டிலிருந்து கெட்ட தண்ணீர் வந்தாலும் அந்த வீட்டின் வழி மட்டும் அடைபடும். மற்ற ஏழும் ஓடிக்கொண்டிருக்கும்.

வித்யா அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கைகள் மெல்ல மேலே வந்தன.

“சார், இந்த வால்வை இங்க போடாம இன்னும் கொஞ்சம் கீழ போட்டா...”

“அங்கே போட்டா பிரஷர் போறாது.”

“போதும் சார், பாருங்க...”

மீட்டிங் நடப்பதையே இருவரும் மறந்துவிட்டார்கள். மற்ற நாங்கள் ஓட்டெடுத்தோம். லிஃப்ட்டும் பார்க்கிங்கும் உண்டு என்று உறுதியானதும் முருகேசனே கை தூக்கிவிட்டார். கண்ணாடி முகப்பு மட்டும் போயிற்று. பில்டருக்கு வருத்தம்தான்.

கான்கிரீட்டோடு குடியிருப்பது சுலபம் என்று இப்போது தோன்றுகிறது. அதன்மேல் எதைக் கொட்டினாலும் கேட்காது. உயிருள்ள ஒன்று நடுவில் வந்ததும் மேல் வீட்டில் யார் தூங்குகிறார்கள், எதிர் வீட்டில் யார் கவலைப்படுகிறார்கள் என்பதெல்லாம் தெரியவருகிறது. பக்கத்து வீட்டுக்காரர்களை எனக்கு இருபது வருஷமாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் தெரிந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

கட்டடம் எழும்ப இன்னும் நாளாகும். அதுவரை இருக்கட்டும் என்று, சேஷாத்ரியும் வித்யாவும் போன வாரமே எட்டு வீட்டிலும் வால்வைப் பொருத்தி முடித்துவிட்டார்கள். எட்டும் ஒரே மாதிரி.

எங்கள் வீட்டில் மட்டும், சிங்க்குக்கு அடியில் பவுடர் டப்பா இருக்கும் அலமாரிக்குக் கூடுதலாக ஒரு பூட்டு. சாவி புவனாவிடம் இருக்கிறது.