பாவமில்லை என்ற தீர்ப்பு

1996, தவக்காலத்தில் ஒரு புதன்கிழமை. காலை 8.40. எர்ணாகுளம் படகுத்துறையில் மட்டாஞ்சேரிக்குச் சீட்டு ஒன்றரை ரூபாய். சாலை வழியே போனால் பத்துக் கிலோமீட்டருக்கு மேல். படகில் அரை மணி நேரம்கூட ஆகாது. அரண்மனை ஓவியங்களையும் யூதர் தெருவையும் பார்த்துவிட்டு மாலை ரயிலுக்குத் திரும்புவதுதான் என் திட்டம். இடையில் ஸ்டீபனையும் ஒரு எட்டுப் பார்க்க வேண்டும். மன்னார்க்காரர். மண்டபம் அகதி முகாமில் நான் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் போனபோது பழக்கமானவர். இப்போது இங்கே சுக்கு மண்டியில் மூட்டை தூக்குகிறார்.

9.20. பஜார் சாலையில் லாரியும் கைவண்டியும் ஒன்றுக்கொன்று வழிவிடாமல் நின்றன. மிளகு நெடி தொண்டையைப் பிடித்தது. ஸ்டீபன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மண்டி வாசலில் காத்திருந்தார். எனக்குச் சாயா வாங்கித் தந்தார், அவர் குடிக்கவில்லை. மாலையில் கோவிலில் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம் செய்யப் போவதாகவும், அதற்குமுன் ஒரு கத்தோலிக்கச் சாமியாரைப் பார்க்க நான் துணைக்கு வரவேண்டும் என்றும் சொன்னார். ஓவியம் போயிற்றே என்று எனக்கு எரிச்சல்தான்.

வழியில் விஷயத்தைச் சொன்னார். அவருடைய தம்பி அன்ரன் ஓர் இயக்கத்தில் இருந்தான். எதிர் இயக்கத்துக்காரர்கள் அவனைத் தேடி வந்தார்கள். என்ன செய்வது என்று ஸ்டீபன் ஊர்ச் சாமியாரிடம் கேட்டார். சொந்த சனங்களுக்குள் சண்டை வந்தாலும் அப்பாவிகளைக் காப்பவர்கள் பக்கம் நிற்கலாம், அவர்களுக்கு உதவுவது பாவமாகாது என்றாராம் அவர். தம்பி ஒளிந்திருந்த மீன் வாடிக் குடிசையை ஸ்டீபன் காட்டிக்கொடுத்தார். விசாரித்துவிட்டு விட்டுவிடுவார்கள் என்று நம்பியிருக்கிறார். மறுநாள் கடற்கரையில் உடல்தான் கிடந்தது.

10.15. சாமியார் கொச்சியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். சாமியாராகப் படிப்பவர்களுக்குக் குருமடத்தில் பல வருஷம் அறநெறி கற்பித்து ஓய்வு பெற்றவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, வக்கீல்போல ஒவ்வொன்றாக விசாரித்தார். தம்பியின் இயக்கம் அப்பாவிகளைக் கொன்றதா? கொன்றது. தடுக்க வேறு வழி? இல்லை. தம்பிமேல் பகையா? இல்லை. காசு வாங்கினீர்களா? இல்லை. கொல்வார்கள் என்று தெரியுமா? தெரியாது.

"அது பாவமில்ல, கேட்டோ," என்றார் கடைசியில். "உங்க ஊர் அச்சன் சொன்னதுதான் ஞாயம். நீங்க நல்ல மனசோட ஒரு பக்கம் நின்னீங்க."

கேஸ் ஜெயித்ததுபோல எனக்கு மூச்சு வந்தது. ஸ்டீபன் அசையவில்லை. மண்டபம், திருச்சி, கொல்லம் என்று ஏற்கெனவே மூன்று சாமிமாரிடம் கேட்டாயிற்றாம். எல்லாரும் சொன்னது இதுதான்.

"பாவமில்லையெண்டால் மன்னிக்கவும் ஏலாதே, சாமி?"

சாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். செய்யாத பாவத்துக்கு மன்னிப்புக் கொடுக்கத் தனக்கு அதிகாரமில்லை என்றார். அன்ரனுக்காகப் பூசை வைப்பதாகச் சொன்னார். அது அவனுக்கு, எனக்கில்லை என்று சொல்லிவிட்டு ஸ்டீபன் எழுந்துவிட்டார்.

மாலை 4.00. கோவிலில் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் முன் நீண்ட வரிசை. உள்ளே வேறொரு இளம் சாமியார். ஸ்டீபன் வெகுநேரம் முழந்தாளில் இருந்தார். திரும்பி வந்தபோது அழுதிருந்தது தெரிந்தது, ஆனால் முகம் தெளிந்திருந்தது. பாவப் பரிகாரமாக ஒரு வருஷம் வெள்ளிதோறும் ஒருவேளை மட்டும் உண்டு ஒருசந்தி இருக்கும்படி சாமியார் அபராதம் விதித்தாராம்.

5.30. படகுத்துறை. எங்கள் ஊர் டீக்கடைகளில் ஸ்டீபன் நாட்டுச் சண்டையில் எந்தப் பக்கம் நியாயம் என்று மணிக்கணக்கில் வாதாடுவோம். நானும் குரலை உயர்த்தியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இந்தச் சாமியார் மட்டும் எப்படி மன்னித்தார் என்று ஸ்டீபனிடம் கேட்டேன்.

"காசுக்குத்தான் தம்பியைக் காட்டிக் குடுத்தனான் எண்டு சொன்னன், மாஸ்டர்."

பொய் சொல்லிப் பெற்ற மன்னிப்பு செல்லாது என்று சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்தவன் நான். அவரும் செய்திருப்பார். படகு வந்ததும் ஏறிக்கொண்டேன்.